கிணற்றின் பாதியில் நின்ற குழாய்

15-11-1936, ஞாயிறு. சூலூர்

வாரத்துக்கு ஒரு நாள் வீட்டுக்கு வருகிறேன். அந்த ஒரு நாளும் ஏன்தான் வந்தோமோ என்று ஆகிவிடுகிறது.

பி.ஏ. இன்றைக்கும் பேப்பரில் ‘வேலை காலி’ பத்தியைச் சிவப்புப் பென்சிலால் கட்டம் கட்டிக்கொண்டிருந்தான். பி.ஏ. என்றால் என் அண்ணன் பாலுசாமி. பட்டம் வாங்கி நாலு வருஷம் ஆகிறது. கலெக்டர் ஆபீஸ், தாலூகா ஆபீஸ், ரயில்வே, மதராஸில் ஏதோ இன்ஷூரன்ஸ் கம்பெனி. விண்ணப்பம் போடாத இடம் இல்லை. வந்த பதிலெல்லாம் ‘வருந்துகிறோம்’. வீட்டில் அவனுக்கு வெந்நீர். அவன் சட்டைக்குத் தனிப் பெட்டி. அவன் படிக்கிற நேரத்தில் அம்மா உரலில் கைவைப்பதில்லை.

நானும் படித்தவன்தான். மதராஸ் தொழிற்பள்ளியில் மூன்று வருஷம். பீளமேட்டில் பம்பு மோட்டார் கம்பெனியில் ஃபிட்டர். போன வாரம் மட்டும் மூன்று கிணறுகளில் மோட்டார் இறக்கினேன். வாசலில் கால் வைத்ததும் அம்மா, “கண்ணு, கிரீசுக் கையோட உள்ள வராதே, கழுவிக்கிட்டு வா” என்கிறாள். கழுவிக்கொண்டுதான் வந்திருந்தேன். கழுவினால் போகிற கறுப்பு இல்லை இது.

மத்தியானம் பல்லடத்து மாமன் வந்தார். நான் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தது அவருக்கும் தெரியாது, அப்பாவுக்கும் நினைவில்லை.

“ஏனுங்க மச்சான், பெரியவன் எங்கீங்க?”

“மெதுவாப் பேசுங்க மச்சான். உள்ள படிச்சுட்டு இருக்கான்” என்றார் அப்பா.

“சின்னவன்?”

“அது எங்கியோ மிசின்ல கெடக்குதுங்க.”

அது! ஆடுமாட்டைச் சொல்கிற மாதிரி.

22-11-1936, ஞாயிறு

மின்சாரக் கம்பம் எங்கள் பருத்திக் காட்டு ஓரமாகவே வரப்போகிறதாம். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. கிணற்றுக்கு மோட்டார் போட வேண்டும், மின்சார இலாகாவுக்கு மனுக் கொடுக்க வேண்டும். மனு யார் எழுதுவது? கேட்க வேண்டுமா என்ன. பிழைப்பாகவே கிணறு கிணறாக இறங்குகிறவன் ஒருத்தன் வீட்டில் இருக்கிறான். கிணற்று மேட்டுக்குக்கூடப் போகாதவனைக் கூப்பிட்டு உட்கார வைத்து, “ஆழம் பன்னெண்டு மட்டுன்னு எழுதிக்க சாமி” என்கிறார். படிவம் இங்கிலீஷில் இருப்பதால் கிணறும் இங்கிலீஷ் பேசுகிறதாக்கும்.

எழுதட்டும். ஒரு வேலையாவது செய்யட்டும்.

29-11-1936, ஞாயிறு

பி.ஏ. மனுவை எழுதி, டவுனுக்குப் போய் டைப் அடித்தே கொண்டுவந்துவிட்டான். கம்பெனிக்கு ஒரு பிரதி. பம்பு, மோட்டார், குழாய் எல்லாம் அந்த அளவுப்படிதான் தயாராகும். அளவெடுத்தவர் என்று ஃபிட்டர் கையெழுத்துப் போட வேண்டும். வழவழவென்று நல்ல இங்கிலீஷ். மார்ஜின்கூட நூல் பிடித்த மாதிரி. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். இந்த மாதம் இது எட்டாவது கிணறு. மூச்சுவிட நேரமில்லை.

10-12-1936, வியாழன். பீளமேடு

கம்பெனியில் கடிதப் போக்குவரத்தையெல்லாம் பார்த்துவந்த தேவதாஸ், மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை கிடைத்துப் போகிறார். அந்த இடத்துக்கு இனிச் சூப்பர்வைசர் என்று பெயராம். ஊர் ஊராகப் போய்க் கிணறு பார்த்து, அளவு குறித்து, இலாகாவுக்கு எழுத வேண்டும். கிணறு பார்க்கிற வேலை! முதலாளி கோவிந்தராஜுலு நாயுடுவிடம் நேரே போய், எனக்குக் கொடுங்கள் என்று கேட்டுவிட்டேன்.

“கையில உனக்குக் கொறையே இல்லப்பா அங்கப்பா. ஆனா நீ மோட்டார் சூடாகுதுன்னு இலாகாவுக்கு ஒரு லெட்டர் எழுதினே பாரு, ஞாபகம் இருக்கா? மோட்டாருக்குக் காய்ச்சலான்னு அவன் திருப்பிக் கேட்டிருந்தான்.” சிரிக்கிறார். பக்கத்தில் தேவதாஸும் சிரிக்கிறார். அப்புறம் கேட்டாரே ஒரு கேள்வி: “உங்கண்ணன் பி.ஏ.வாமே? சும்மாத்தான இருக்காரு? வரச்சொல்லு, மாசி ஒண்ணாந்தேதி சேந்துக்கட்டும்.”

மூன்று வருஷமாக நான் பார்த்த கிணறுகளுக்கு மேலதிகாரியாக, ஒரு கிணறும் பார்க்காதவன்!

11-12-1936

இந்த வேலையை விட்டால் நாளைக்கே எந்த மில்லிலும் சேரலாம். ஆத்திரமே அதில்தான். என் கைக்கு நாலு இடத்தில் வேலை இருக்கிறது. உட்கார நாற்காலி மட்டும் ஒரு இடத்திலும் இல்லை.

20-12-1936, ஞாயிறு. சூலூர்

சொல்லாமல் இருந்துவிடலாம் என்றுதான் பஸ் ஏறினேன். முடியவில்லை. சொல்லிவிட்டேன்.

பி.ஏ. எழுந்து நின்றுவிட்டான். “எனக்கு மோட்டார்னா என்னன்னே தெரியாதே அங்கப்பா.”

“தெரிய வேண்டாமாம். எழுதத் தெரிஞ்சாப் போதுமாம்.”

“உனக்குல்ல அந்த வேலையைக் குடுக்கோணும்?”

“அதை என்கிட்டக் கேட்டு என்ன பண்றது? உன் முதலாளிகிட்டக் கேளு” என்று கத்தினேன். அம்மா வந்துவிட்டாள். விஷயம் தெரிந்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சாயங்காலம் கச்சாயம் சுட்டாள். அப்பா தெருவில் போகிறவர்களையெல்லாம் நிறுத்தி, “மாசி ஒண்ணாந்தேதி சேரறானுங்க, சூப்பர்வைசர்” என்றார். நாலு வருஷத்துக்கு அப்புறம் அந்த வீட்டில் எல்லோரும் சேர்ந்து சிரிக்கிறார்கள். நான் மட்டும் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு இருந்தால் நன்றாகவா இருக்கும்? கச்சாயம் நாலு தின்றேன்.

12-1-1937, செவ்வாய். பீளமேடு

அப்பா கவலையில் தண்ணீர் இறைக்கிற மாட்டு ஜோடியை விற்றுவிட்டாராம். பக்கத்துக் காட்டு அரங்கசாமிக்கு. மோட்டார் வந்து தண்ணீர் விழட்டும், அதுவரைக்கும் விற்காதீர்கள் என்று படித்துப் படித்துச் சொன்னேன். “கரண்டு வந்தப்பறம் மாட்டுக்கு எதுக்குடா தீனி?” என்று சொன்னவர்தானே. கம்போடியாப் பருத்தி பூவும் காயுமாக நிற்கிற நேரம். வாரம் ஒரு தண்ணீர் தப்பினாலும் காய் உதிரும்.

20-1-1937, புதன். சூலூர்

எழுதவே கை கூசுகிறது. எழுதித் தொலைக்கிறேன்.

தை ஏழாம் தேதி, காலை ஒன்பதுக்கு மேல் நல்ல நேரம் என்று அப்பா குறித்திருந்தார். சொந்தபந்தம் நாற்பது பேர். பல்லடத்து மாமன் வண்டி கட்டி வந்திருந்தார். மோட்டாருக்குச் சந்தனம், குங்குமம், ஒரு முழம் பூ. நான் கம்பெனியிலிருந்து ராமுலுவையும் இன்னும் இரண்டு ஆட்களையும் கூட்டிக்கொண்டு கிணற்றில் இறங்கினேன். தண்ணீருக்கு மேலே இருந்த பாறைத் திட்டில் பம்பையும் மோட்டாரையும் உட்கார வைத்தோம். ராமுலு குழாயை ஒன்றின்மேல் ஒன்றாகத் திருகிக்கொண்டே மேலே போனான். கடைசிக் குழாயையும் திருகிவிட்டு ஏணியில் நின்றபடி கீழே பார்த்தான்.

“அங்கப்பா, அடுத்த குழாயக் குடு.”

“அடுத்த குழாய் இல்லை.”

“இல்லையின்னா?”

அண்ணாந்து பார்த்தேன். குழாய் கிணற்றின் பாதியில் நின்றது. வாயைப் பிளந்துகொண்டு வானத்தைப் பார்த்தபடி நின்றது. அதற்கு மேலே கிணற்றைச் சுற்றி நாற்பது தலைகள். யாரோ ஒரு குழந்தை மட்டும், “அம்மா, குழாய் ஏன் குட்டையா இருக்குது?” என்றது.

வண்டியில் ஏற்றும்போதே குழாய் குறைவாகத் தோன்றவில்லையா? தோன்றியது. அளவுத் தாளை எடுத்துப் பார்த்தேன். தாளில் கணக்குச் சரியாக இருந்தது. ஏற்றச் சொல்லிவிட்டேன்.

எந்தக் கிணறு? நான் நீச்சல் பழகிய கிணறு!

21-1-1937

டவுனிலிருந்து குழாய் கொண்டுவந்து மேல்வரைக்கும் கூட்டினேன். மோட்டார் ஓடுகிறது, பம்பு சுற்றுகிறது, தண்ணீர் வரவில்லை. வராது என்று எனக்குத் தெரியும். முப்பத்தாறு அடி தூக்குவதற்குச் செய்த பம்பு அறுபது அடி தூக்குமா? குழாய்க்குள் பாதிவரை ஏறி அங்கேயே நிற்கிறது. பிடிவாதத்துக்காகத்தான் ஓட்டிப் பார்த்தேன்.

தாளைப் பி.ஏ.விடம் காட்டினேன். “இந்த முப்பத்தாறு எங்கிருந்து வந்துச்சு?”

“பன்னெண்டு மட்டு. மூணு பெருக்கினா முப்பத்தாறு.”

“மூணு எப்படி?”

“மட்டுன்னா கஜம்தானே?”

மட்டு என்றால் ஆள் மட்டு. ஒரு ஆள் நிற்கிற உயரம், ஐந்தரை அடி. எங்கள் ஊரில் மூக்கு ஒழுகுகிற பையனுக்கும் தெரியும். இவனுக்குத் தெரியாது! ஏன் தெரியும்? பத்து வயதில் ஹாஸ்டலுக்கு அனுப்பினார்கள். லீவுக்கு வந்தால், “படிக்கிற பையன் கெணத்துப் பக்கம் போகாதே சாமி”. கிணற்றில் இறங்காமல் வளர்த்த பிள்ளையிடம் கிணற்றின் ஆழத்தைக் கேட்டு எழுதி வாங்கினோம்.

அவன் பென்சிலை எடுத்துத் தாளின் ஓரத்தில் பன்னிரண்டை ஐந்தரையால் பெருக்கினான்.

22-1-1937

காலையில் அப்பா கிணற்று மேட்டுக்கு வந்தார். நான் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். குழாயை எட்டிப் பார்த்தார்.

“கம்பெனியில கேப்பாங்களா?”

“கேக்காம? பம்பு திரும்பிப் போகுதே.”

“ஆர் தப்புன்னு கேட்டா என்ன சொல்லுவே?”

“நடந்ததைச் சொல்லுவேன்.”

“சொல்லீராதே சாமி.” அப்பா என்னைச் சாமி என்று கூப்பிட்டு எத்தனை வருஷம் ஆயிற்று! “சொன்னா மாசி ஒண்ணாந்தேதி அவனைச் சேத்துக்க மாட்டாங்க. உனக்கென்ன, கைத்தொழில் இருக்குது. இங்க இல்லாட்டி இன்னொரு எடம். அவனுக்கு இதை உட்டா நாதியில்லை.”

மூன்று வருஷம் நான் கற்றுக்கொண்டது எதற்கு உதவுகிறது பாருங்கள். பி.ஏ.வின் தப்பைத் தோளில் போட்டுக்கொள்ள! என் கைத்தொழிலை அப்பா மெச்சிச் சொன்ன முதல் வார்த்தை இது. இதற்காகவா இத்தனை நாள் காத்திருந்தேன்?

25-1-1937, திங்கள். பீளமேடு

சொல்லவில்லை.

முதலாளி தாளை மேஜைமேல் போட்டு, “இது உன் கையெழுத்தா?” என்றார். ஆமாம் என்றேன். “அளந்தது நீயா?” நான் வாயைத் திறக்கவில்லை. “சொந்தக் கெணத்தையே அளக்கத் தெரியாதவன் சூப்பர்வைசர் வேலை கேக்கறே” என்றார். இனி என் அளவுத் தாளில் வேறொருத்தர் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் சாமான் போகுமாம். ஒர்க்‌ஷாப் முழுக்கத் தெரிந்துவிட்டது. ராமுலு டீ வாங்கிக் கொடுத்தான்.

ஏன் சொல்லவில்லை? அப்பா கெஞ்சினார் என்பதற்காகவா? அது பாதிதான். அந்தத் தாள் தமிழில், ராமுலு மாதிரி ஒருத்தன் கோணல்மாணலாக எழுதியிருந்தால் இரண்டு தரம் கேட்டிருப்பேன். நேரே கிணற்றில் அளவுக் கயிற்றைப் போட்டிருப்பேன். டைப் அடித்த இங்கிலீஷில் இருந்ததால் கேட்கவில்லை. நாலு வருஷமாகப் பி.ஏ., பி.ஏ. என்று இளித்துக்காட்டியவன், பி.ஏ. எழுதிய ஒரு தாளைக் கண்டதும் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டிருக்கிறேன். சீ.

27-1-1937

ஊரிலிருந்து வந்த ஆள் சொன்னான். அரங்கசாமியின் கையில்காலில் விழாத குறையாக அப்பா அதே மாட்டு ஜோடியைக் காலை வேளையில் மட்டும் இரவல் வாங்கிக் கவலை ஓட்டுகிறாராம். மாட்டைக் கொண்டுவந்து விடும்போதெல்லாம் அரங்கசாமி, “ஏனுங்க மாமா, கரண்டு மாட்டுக்குத் தீனி பத்தலீங்களா?” என்கிறாராம். ‘ங்க’ போட்டே ஆளைக் கொல்லுகிறார்கள் எங்கள் ஊரில்.

மாடு இழுக்கும்போது கவலை வடத்தில் பாரத்துக்கு உட்கார ஆள் இல்லாமல் பி.ஏ. உட்காருகிறானாம். முதல் நாளே விழுந்து முழங்கை பேர்த்துக்கொண்டானாம்.

30-1-1937, சனி

முதலாளி கூப்பிட்டனுப்பினார். கையில் ஒரு கடிதம். பி.ஏ.வின் எழுத்து, எனக்குத் தெரியும்.

“உங்கண்ணன் எழுதியிருக்கார். நான் படிச்சு அர்த்தம் சொல்லட்டுமா, நீயே படிச்சுக்குவியா?”

“சொல்லுங்க.”

தப்பு தன்னுடையது என்று எழுதியிருக்கிறான். மட்டைக் கஜமென்று எண்ணியது, கிணற்றின் ஆழம், குழாயின் நீளம், பம்பின் சக்தி, எத்தனை அடி உயரத்தில் தண்ணீர் நின்றது, ஒன்று விடவில்லை. கடைசியில், தம்பி என்மேல் வைத்த நம்பிக்கையால் கையெழுத்துப் போட்டான், அவனைக் குற்றம் சொல்ல வேண்டாம் என்று. நம்பிக்கையாம்! இவன்மேல் எனக்கு எந்தக் காலத்தில் நம்பிக்கை இருந்தது? நான் நம்பினது இங்கிலீஷை.

“ஒரு மோட்டார் ஏன் தண்ணி தூக்கலைன்னு இத்தனை தெளிவா எனக்கு ஒருத்தனும் எழுதினதில்லை” என்றார் முதலாளி. “ஆனா கெணறு தெரியாதவனுக்கு நாற்காலி குடுக்க மாட்டேன். எழுதத் தெரியாதவனுக்கும் குடுக்க மாட்டேன். ஆறு மாசம் அவரு உன்கூடக் கெணத்துல எறங்கட்டும். நீ அளந்து காட்டு, அவரு எழுதட்டும். நாற்காலி அப்படியே காலியாக் கெடக்கட்டும்.”

“எனக்கு எதுக்குங்க இந்தத் தண்டனை?”

“உனக்கும் அவர்தான் இங்கிலீஷ் சொல்லித்தரணும்” என்றார்.

14-2-1937, ஞாயிறு. சூலூர்

ஐந்து குதிரைச் சக்தி மோட்டார், பெரிய பம்பு. இந்தத் தடவை நல்ல நேரமும் பார்க்கவில்லை, யாரையும் கூப்பிடவும் இல்லை. பதினோரு மணிக்கு ஸ்விட்சைப் போட்டேன். குழாய் ஒரு தரம் செருமியது. அப்புறம் தொட்டிக்குள் தொடை கனத்துக்குத் தண்ணீர் விழுந்தது. அப்பா கையை நீட்டித் தண்ணீரைத் தொட்டுப் பார்த்துவிட்டு வாய்க்காலை வெட்டிவிடப் போனார். பருத்தியில் பாதிக்குக் காய் உதிர்ந்துவிட்டது. மீதி நிற்கும்.

பி.ஏ. கிணற்றில் இறங்குவதைப் பற்றி அப்பா இன்னும் என்னிடம் பேசவில்லை. நான்தான் அவனைக் கெடுத்துவிட்டேன் என்று அம்மாவிடம் சொன்னாராம்.

3-3-1937

ஸ்பானரைப் பேனா மாதிரி பிடிக்கிறான். ஏணியில் பாதி இறங்கியதும் கண்ணை மூடிக்கொள்கிறான். “கண்ணைத் தொறந்துக்கிட்டு எறங்குண்ணா” என்றால், “தொறந்தா கீழே தெரியுதே” என்கிறான். ஆறு மாசம்! அதற்குள் எனக்குத் தலை நரைத்துவிடும்.

19-3-1937, வெள்ளி. பெருந்துறை

ஒரு விஷயம். எழுத மனசில்லை, எழுதுகிறேன்.

இங்கே ஒரு கவுண்டர் காட்டில் கிணறு பார்த்தோம். பத்து மட்டு என்றார். ஐம்பத்தைந்து அடி என்று நான் மனதில் குறித்துவிட்டேன். அண்ணன் பென்சிலை எடுத்துக்கொண்டு, “உங்க ஊர்ல ஒரு மட்டுக்கு எத்தனை அடிங்க?” என்று கேட்டான். நான் தலையில் அடித்துக்கொண்டேன். அவரோ சாவகாசமாக, “எங்கப்பன் நின்னு அளந்ததுங்க. அவரு ஆறடிக்கு மேல இருப்பாரு” என்றார்.

கயிற்றைப் போட்டோம். அறுபத்திரண்டு அடி.

மூன்று வருஷமாக எல்லா ஊர் மட்டையும் ஐந்தரை என்றே பெருக்கியிருக்கிறேன். தாளைவிடக் கயிற்றை அதிகம் நம்பியதால் தப்பித்தேன். பஸ்ஸில் அவன் ஒன்றும் பேசவில்லை. பேசியிருந்தால் இறக்கிவிட்டிருப்பேன்.

4-4-1937, ஞாயிறு

சர்க்கார் மின்சாரப் பரீட்சைக்கு மனு. நானே இங்கிலீஷில் எழுதினேன். அண்ணன் பென்சிலால் பதினேழு இடத்தில் திருத்தினான். டைப் அடித்து வந்ததை வரி வரியாகப் படித்தேன். ஒரு வார்த்தைக்கு அர்த்தம் தெரியவில்லை. கேட்டேன். சொன்னான். அதற்கப்புறம்தான் கையெழுத்துப் போட்டேன்.

11-4-1937, ஞாயிறு. சூலூர்

அடுத்த வாரம் பரீட்சை. காலையிலிருந்து புத்தகமும் நானும். அண்ணன் விடியற்காலையிலேயே கயிற்றை எடுத்துக்கொண்டு பெரியநாயக்கன்பாளையம் போய்விட்டான், தனியாக.

மத்தியானம் பல்லடத்து மாமனின் குரல் வாசலில்.

“ஏனுங்க மச்சான், பெரியவன் எங்கீங்க?”

“அது எங்கியோ கெணத்துல கெடக்குதுங்க.”

“சின்னவன்?”

“மெதுவாப் பேசுங்க மச்சான். உள்ள படிச்சுட்டு இருக்கான்.”

அதே குரல். நாலு வருஷம் கேட்ட அதே குரல். எட்டிப் பார்த்தேன். அம்மா உரல் பக்கம் உலக்கையைச் சாய்த்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிறாள். அடுப்பில் வெந்நீர் கொதிக்கிறது. நான் கேட்கவே இல்லை.

புத்தகத்தை மூடிவைத்துவிட்டுத் துண்டை எடுத்துக்கொண்டு பின்பக்கமாகக் கிணற்றுக்குப் போனேன். கண்ணைத் திறந்துகொண்டே இறங்கினேன். பன்னிரண்டு மட்டுக் கிணற்றில் தண்ணீர் இன்றைக்கு மேலிருந்து பதினோராவது மட்டில் நிற்கிறது.